அடைக்கோழியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடை வைப்பது பற்றி யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனை முட்டை வைக்கணும், எந்தக் கிழமையில் வைக்கணும், கூடை எந்தத் திசையைப் பார்த்து இருக்கணும் என்று எல்லாம் சொல்வார்கள். ஆனால் பேச்செல்லாம் முட்டையைப் பற்றித்தான். மேலே உட்கார்ந்திருக்கும் கோழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று வாரம் அரைப்பட்டினியாகக் கிடக்கும் உயிர் அது. நாங்கள் வளர்ப்பது பெரும்பாலும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி, எப்போதும் பதினைந்து இருபது உருப்படி இருக்கும். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கோழி மூலையிலேயே குறுகி உட்கார்ந்திருக்கிறது, இரையும் எடுக்கவில்லை. அடைக்கு வந்துவிட்டதா, இல்லை சீக்கா?

நல்ல கேள்வி. எட்டி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுமே அசையாது, இரண்டுக்கும் கொண்டை வெளுத்திருக்கும். பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அடைக்கோழி உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி ஊதி, "கிர்ர்ர்" என்று கத்தி, கையில் ஒரு கொத்து போடும். சீக்குக்கோழிக்கு அந்த ரோஷம் இருக்காது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூக்கினால் துணி மாதிரி தொங்கும், சிறகு கீழே சரிந்திருக்கும், ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கும். தூக்கித் தரையில் விட்டும் பார்க்கலாம். அடைக்கோழி ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, அப்புறம் "க்ளக் க்ளக்" என்று சத்தம் போட்டபடி பரபரவென்று ஓடி இரை பொறுக்கும். சீக்குக்கோழி விட்ட இடத்திலேயே நிற்கும்.

வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, தொட்டால் சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது சொறி இல்லை. புரோலாக்டின் என்ற சுரப்பு கூடும்போது கோழிக்கு அடை வருகிறது. அந்தச் சமயத்தில் முட்டையில் நேராகச் சூடு படட்டும் என்று வயிற்று இறகு உதிர்ந்து கொடுக்கிறது. குஞ்சு இறங்கிய பிறகு திரும்ப முளைத்துவிடும். மருந்து கிருந்து எதையும் அதில் தடவாதீர்கள்.

அடை வைக்கும் முன்னால் கோழியிடம் என்ன பார்க்கணும்?

அடையில் பாதிப் பிரச்சினை கோழியை உட்கார வைக்கும் அன்றைக்கே உள்ளே வந்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்து, நடுவில் எலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனை மாதிரி எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கோழியை உட்கார வைக்காதீர்கள், எவ்வளவு அடம்பிடித்தாலும் சரி. 1,300 கிராம் இருக்கும் கோழி அடை முடிந்து எழும்போது 200 கிராம் இளைத்திருப்பது சாதாரணம். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் கோழியிடம் அந்த 200 கிராம் எங்கிருந்து வரும்?

அடுத்து பேன். சிறகுக்கு அடியிலும் வால் பக்கத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் சாம்பல் நிறத்தில் கொத்துக்கொத்தாக மாவு மாதிரி ஒட்டியிருந்தால் அது ஈர், அதாவது பேன் முட்டை. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கிறதா, பாதத்தில் ஆணி மாதிரி வீக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதத்தில் வலி இருக்கும் கோழி தினமும் ஏறி இறங்க யோசிக்கும், முட்டையையும் மிதித்து உடைக்கும்.

குடற்புழு மருந்து கொடுப்பதாக இருந்தால் அந்த ஈட்டு முட்டை, அதாவது அடைக்கு முன்னால் தொடர்ந்து போடும் முட்டை, தொடங்கும் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அடைக்கு வந்த பிறகு ஞாபகம் வந்து கொடுப்பது வீண் வேலை. அல்பெண்டசோல் மாதிரி சில மருந்துகள் முட்டைக்குள் வளரும் கருவையும் பாதிக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்டுக்கு வாங்கி மிஞ்சியதைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள்.

சாப்பிடக்கூட இறங்க மாட்டேன் என்கிறது. பட்டினியால் செத்துவிடுமா?

முதல் இரண்டு நாள் இறங்காமல் இருந்தால் கவலைப்பட வேண்டாம். மூன்றாவது நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இறங்க வேண்டும். பெரும்பாலான கோழிகள் தாமாகவே இறங்கி, பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டு குளித்துவிட்டுத் திரும்பிவிடும். சில பிடிவாதக்காரிகள் மட்டும் இறங்கவே மாட்டார்கள். அவர்களை நீங்கள்தான் இறக்கிவிட வேண்டும்.

தூக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. சட்டென்று தூக்கினால் சிறகு இடுக்கில் செருகியிருக்கும் முட்டையும் கூடவே எழுந்து வந்து கீழே விழுந்து உடையும். இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் மெதுவாக நுழைத்து, ஒரு விரல் அளவு தூக்கி, சிறகை லேசாக விரித்துவிட்டால் முட்டை இருந்தால் கூடையிலேயே உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு தூக்குங்கள். கொத்தும், கொத்தட்டும். தரையில் விட்டதும் பொம்மை மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒரு நிமிஷம் பொறுத்தால் தானாக எழுந்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். நான் காலை ஆறரைக்கு, மற்ற கோழிகளைத் திறந்துவிடும் முன்னால் இறக்குவேன். மற்றதுகள் வெளியே இருந்தால் அடைக்கோழியை விரட்டிக் கொத்தும், இதுவும் சண்டைக்குப் போகும். அந்தக் கலாட்டாவில் தின்ன வேண்டிய நேரம் போய்விடும். போதாததற்கு இன்னொரு கோழி கூடையில் ஏறிப் புது முட்டை போட்டுவிட்டுப் போகும். அதனால்தான் அடை வைக்கும் முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வது.

கூடைக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டால் வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம், கோழிக்குக் கேடு. பக்கத்திலேயே எல்லாம் கிடைத்தால் அது எழவே எழாது. எழாவிட்டால் கால் விறைக்கும், எச்சம் கூடைக்குள்ளேயே போகும், மண்குளியல் இல்லாமல் பேன் பெருகும். சிந்துகிற தீனிக்கு எலியும் எறும்பும் வரும். தண்ணீர் கவிழ்ந்தால் முட்டையும் நனையும். நாலடி தள்ளி வையுங்கள், நடக்கட்டும்.

என்ன தீனி போடலாம்?

முழுத் தானியம். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கேழ்வரகு என்று வீட்டில் இருப்பதைக் கலந்து போடுங்கள். மாவுத் தீனியைவிட முழுத் தானியம் வயிற்றில் அதிக நேரம் நிற்கும், எச்சமும் கெட்டியாகப் போகும். முட்டைக்கோழித் தீவனம் இந்த மூன்று வாரத்துக்குத் தேவையில்லை. முட்டை போடாத கோழிக்கு அவ்வளவு சுண்ணாம்புச் சத்து எதற்கு? கீரைத்தண்டு, முருங்கை இலை கொஞ்சம் கிள்ளிப் போட்டால் விரும்பித் தின்னும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த கோழி அவக் அவக்கென்று காய்ந்த தானியத்தை முழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் போய் உட்கார்ந்தால், கழுத்தடியில் உள்ள தீனிப்பை கல்லு மாதிரி இறுகிவிடலாம். அதனால் தண்ணீரைத் தீனிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வெயில் நாளில் தானியத்தை ஒரு மணி நேரம் ஊறவைத்துப் போடுவது இன்னும் நல்லது. தூக்கும்போது தீனிப்பையை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நேற்றுத் தின்றது இன்று காலையும் அப்படியே இறுகிக் கிடந்தாலோ, கொழகொழவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

எச்சம் கோலிக்குண்டு மாதிரி, இல்லை அதைவிடப் பெரிதாக, நாற்றம் தாங்கவில்லை. வயிற்றில் ஏதாவது கோளாறா?

இல்லை. நாள் முழுக்க அடக்கிவைத்து ஒரே தடவையில் போடுகிறது, அவ்வளவுதான். அடைக்கோழி எச்சத்தின் மணம் ஒரு தடவை அடித்தால் மறக்காது. கெட்டியாக, பெரிதாக, ஒரே உருண்டையாகப் போனால் கோழி நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். பச்சையாகத் தண்ணீர் மாதிரிப் போனாலும், சுண்ணாம்பைக் கரைத்த மாதிரிப் போனாலும், ரத்தம் கலந்து போனாலும்தான் யோசிக்கணும்.

பேன், செல் பிரச்சினைக்கு என்ன செய்வது?

அடைக்கோழிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. எனக்கு இது புரிய ஒரு கோழியைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

கோழி வளர்க்கத் தொடங்கிய இரண்டாவது வருஷம். கருப்பி என்று ஒரு கோழி, நல்ல அடைக்காரி, பதினொரு முட்டையோடு உட்கார்ந்திருந்தது. பதினாறாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் கூடையில் உட்கார்ந்த வாக்கிலேயே தலை சரிந்து கிடக்கிறது, கொண்டை காகிதம் மாதிரி வெளுத்துப்போயிருக்கிறது. தின்னாமல் கிடந்து செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூடையைத் தூக்கித் தட்டியபோதுதான் தெரிந்தது. மூங்கில் பின்னலின் இடுக்கெல்லாம் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி சிவப்பாகப் பூசியிருந்தது, அந்தப் பொடி நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சிற்றுண்ணி. மூன்று ஈடாக அதே கூடையைக் கழுவாமல் பயன்படுத்திய புண்ணியம்.

இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேன் இருபத்துநாலு மணி நேரமும் கோழி மேலேயே இருக்கும், இறகையும் செத்த தோலையும் கடித்துத் தின்னும். அரிப்பில் கோழிக்கு நிம்மதி இருக்காது. சிவப்புச் சிற்றுண்ணி பகலில் கூடை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்துவிட்டு, ராத்திரி ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மற்ற கோழியாக இருந்தால் ராத்திரி இடம் மாறி உட்காரும். அடைக்கோழி எங்கே போகும்? மூன்று வாரம் அதே இடத்தில் அசையாமல் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது கூடையின் அடியை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் இருக்கிறது என்று அர்த்தம். செல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டும் அடக்கம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு ஈட்டுக்கும் கூடையைக் கழுவி, இரண்டு நாள் கொளுத்தும் வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். வைக்கோல், மணல் எல்லாம் புதுசு. பழசைக் குப்பையில் கொட்டாமல் எரித்துவிடுங்கள், ஏனென்றால் இந்தச் சிற்றுண்ணி இரை இல்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மூங்கில் கூடையைவிட வாயகன்ற மண்சட்டி எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை.

கோழி இறங்கும் இடத்தில் ஒரு பழைய டயரிலோ அகலமான தொட்டியிலோ செம்மண்ணும் மணலும் நன்றாக ஆறிய விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். இறங்கின கோழி தின்று முடித்ததும் அதில் விழுந்து புரளும், சிறகுக்குள் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். ஈரம் படாமல் இருக்கணும், ஈரச் சாம்பல் தோலை அரிக்கும். கூடைக்கு அடியில் காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போடலாம், வசம்பை இடித்து மணலோடு கலக்கலாம். இதெல்லாம் அண்டவிடாமல் இருக்கத்தான் உதவும், ஏற்கெனவே மொய்த்துக்கிடந்தால் இலை போட்டுத் தீராது. அப்போது மருத்துவரிடம் கேட்டுக் கோழிக்கென்றே உள்ள பொடியை வாங்கிக் கோழியின் இறகுக்குள் தேய்த்துவிடுங்கள், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி தேயுங்கள். முதல் தடவையில் பேன் சாகும், ஈர் சாகாது. பேன் ஒரு தலைமுறை முடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், அடைக்கும் அதே மூன்று வாரம்தான். ஆரம்பத்தில் விட்டால் குஞ்சு இறங்கும் அன்றைக்குப் புதுப் பேன் தயாராக நிற்கும்.

செய்யக் கூடாததும் இருக்கிறது. கருப்பி போன பயத்தில் அடுத்த ஈட்டுக்கு, மாட்டு உண்ணிக்கு வாங்கிவைத்திருந்த மருந்தைக் கூடையில் தெளித்தேன். கோழி அன்றே இறங்கிப் போனது, திரும்ப உட்காரவேயில்லை, பன்னிரண்டு முட்டையும் வீண். மண்ணெண்ணெய், அந்துருண்டை இதெல்லாமும் வேண்டாம், அந்த நெடியை மூன்று வாரம் மூக்குக்கு நேராகச் சுவாசிக்கப் போவது கோழிதான். வேப்பெண்ணெயையும் கோழி வயிற்றில் தடவாதீர்கள். எண்ணெய் முட்டையில் பட்டால் ஓட்டிலுள்ள நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு மூச்சுவிட முடியாது.

சித்திரை வெயிலில் அடை வைக்கலாமா?

முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கணும். அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில். தகரக் கூரைக்குக் கீழே, அக்கினி நட்சத்திரத்தில், முட்டையை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

தவிர்க்க முடியவில்லையென்றால், ஓட்டுத் தாழ்வாரமோ மரத்தடிக் கொட்டகையோ, காற்று வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். சட்டியை ஈர மணல் மேல் வையுங்கள், ஈரம் சட்டிக்கு வெளியே இருக்கட்டும். வெயில் வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று இரண்டு நேரம் இறக்கித் தண்ணீர் காட்டுங்கள். முட்டையையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது பத்துக்கு மேல் வேண்டாம். சிறகை அகல விரித்து, கழுத்தை நீட்டி, தொண்டை படபடவென்று துடிக்க மூச்சு வாங்கினால் உடனே நிழலில் இறக்கிக் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள், காலை மட்டும் நனைத்துவிடுங்கள். தலையோடு தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இறங்கிப்போய் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. முட்டை கெட்டுவிடுமா?

நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. மார்கழி அதிகாலை என்றால் ஒரு துணியைப் போட்டு மூடிவையுங்கள். ஆனால் தினமும் இப்படியே செய்தால் கூடையில் என்ன தொந்தரவு என்று பாருங்கள், பத்தில் எட்டுத் தடவை செல்தான்.

இடியில் முட்டை கெடாமல் இருக்க இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் வைக்கிறார்களே?

எங்கள் அப்பத்தா ஒரு லாடத் துண்டு வைத்திருந்தார், நாற்பது வருஷமாக அதே துண்டு. இடிக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நம்பவில்லை, ஆனாலும் அது இன்னும் எங்கள் சட்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. கோழிக்குக் கெடுதல் இல்லாதவரை வைத்துக்கொள்ளுங்கள். கூர்முனை உள்ள ஆணி, பிளேடு மாதிரி எதையும் வைக்காதீர்கள், அடிப்பக்கம் மணலுக்குள் புதைத்து வையுங்கள்.

முட்டை ஒன்று வெடித்துக் கோழி மேலெல்லாம் பட்டுவிட்டது. என்ன செய்ய?

கூமுட்டை உள்ளே அழுகிக் காற்று சேர்ந்து வெடித்திருக்கும். உடனே கோழியை இறக்கி, வயிற்று இறகை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கூடையில் மணலும் வைக்கோலும் மாற்றுங்கள். மற்ற முட்டைகளை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள், தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். இந்த வேலையே வராமல் இருக்க ஏழாவது நாள் ராத்திரி இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கம் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாகக் கண்ணாடி மாதிரி இருந்தால் கருக்கூடாத முட்டை, எடுத்துவிடலாம். பதினாலாவது நாள் இன்னொரு தடவை பாருங்கள். பதினெட்டுக்கு மேல் தொடவே வேண்டாம்.

ஊரில் வெள்ளைக் கழிச்சல் வந்திருக்கிறது. அடையில் இருக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடலாமா?

அடையில் இருக்கும்போது போடுவதை நான் செய்வதில்லை. ஏற்கெனவே உடம்பு இளைத்திருக்கும் நேரம், பிடித்து ஊசி போட்டால் அடையைக் கலைத்துவிட்டுப் போகவும் வாய்ப்பிருக்கிறது. முன்கூட்டியே போட்டுவைப்பதுதான் வழி. ராணிக்கெட் என்ற இந்தக் கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் எஃப் சொட்டு மருந்து, நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி என்பது வழக்கமான வரிசை. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகப் போடும். முறையாகத் தடுப்பூசி போட்ட தாயின் முட்டை மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கும் முதல் சில நாளைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி போகும், அதனால் தாய்க்குப் போடுவது குஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

நோய் பக்கத்துத் தெருவில் இருக்கும் நேரத்தில் சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கி வராதீர்கள். வெளியே போட்டுப்போன செருப்போடு கோழிக் கொட்டகைக்குள் போகாதீர்கள். செத்த கோழியைக் குளத்தில் எறியாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள், சொன்னால் கேட்பவர்களிடம்.

21 நாள் முடிந்து 23 ஆகிவிட்டது. ஒன்றும் பொரிக்கவில்லை, கோழியோ எழ மாட்டேன் என்கிறது.

23, 24 நாளோடு நிறுத்திவிடுங்கள். கோழிக்கு நாள் கணக்குத் தெரியாது, கூமுட்டை மேல் முப்பது நாற்பது நாள்கூட உட்கார்ந்து எலும்பும் தோலுமாகிவிடும். சிலர் "சரி, உட்கார்ந்தது உட்கார்ந்துவிட்டது" என்று அடியில் வேறு பத்து முட்டையைத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதைப் பார்த்தால் கோபம் வரும். ஆறு வாரப் பட்டினியைத் தாங்கி எழும் கோழியும் இருக்கிறது, ஆனால் அப்புறம் மாதக்கணக்கில் முட்டையும் வராது, அடுத்து வரும் முதல் சீக்கிலேயே போய்விடும். யாரிடமாவது ஒரு நாள் இரண்டு நாள் குஞ்சு கிடைத்தால் ராத்திரி இருட்டில் இரண்டு மூன்றை அடியில் விட்டுவிட்டு முட்டைகளை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையில் தன் குஞ்சு என்று ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடும். விடிந்ததும் பக்கத்திலிருந்து பாருங்கள், கொத்தினால் குஞ்சை எடுத்துவிடணும்.

வாத்து முட்டை, கினிக்கோழி முட்டை வைக்கலாமா?

வைக்கலாம். வாத்துக்கு 28 நாள், கினிக்கோழிக்கு 26 முதல் 28. ஒரு வாரம் கூடுதல் பட்டினி என்பதை நினைவில் வைத்து நல்ல சதைப்பிடிப்பான கோழியாகத் தேர்ந்தெடுங்கள்.

முட்டை வைக்க விருப்பமில்லை. அடை தெளிய வைப்பது எப்படி?

மூக்கில் இறகைக் குத்திவிடுவது, தண்ணீரில் முக்குவது, காலைக் கட்டி வெயிலில் போடுவது என்று ஊருக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. மூக்கில் இறகு குத்தி அது புண்ணாகி, ஒரு பக்கக் கண்ணே வீங்கிப்போன கோழியைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அடைக்கோழியின் வயிறு சூடாக, இருட்டாக, மெத்தென்று ஓரிடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் அடை நீடிக்கும். அதை எடுத்துவிட்டால் போதும். கம்பி வலைத் தரை உள்ள ஒரு கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சமான நிழலில், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் அடைத்துப்போடுங்கள். அடியில் காற்றோடி வயிறு குளிரும், உட்கார இதமான இடமில்லாமல் நின்றுகொண்டே இருக்கும், அடை தெளிந்துவிடும். அடைக்கு வந்த முதல் நாளே பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் உட்காரவிட்டுப் பிறகு பிடித்தால் இழுக்கும்.

பாம்பு, எறும்பு?

ராத்திரி பஞ்சாரத்தை, அதாவது கோழி மூடும் கூடையை, கவிழ்த்து மேலே கல் வைப்பது எலிக்கும் கீரிக்கும் சரி, பாம்புக்குப் போதாது. சாரைப்பாம்பு முட்டைக்கு வரும், நல்லபாம்பு வந்தால் கோழியே போய்விடும். சிறு கண்ணுள்ள வலையடித்த அறையாக இருந்தால்தான் நிம்மதி. எறும்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் முட்டை ஓட்டைக் குஞ்சு உடைக்கத் தொடங்கும் அந்த ஒரு நாளில் ஈர வாடைக்கு வரிசை கட்டி வந்து குஞ்சையும் கடிக்கும், கோழியின் வெறும் வயிற்றையும் கடிக்கும். சட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவுக்குள் நிறுத்துங்கள். எறும்புப்பொடி போடாதீர்கள், குஞ்சு பொறுக்கித் தின்னும்.

குஞ்சு இறங்கிய பிறகு தாயைக் கவனிக்கணுமா?

இந்தச் சமயத்தில்தான் எல்லோரும் குஞ்சு பக்கம் போய்விடுவார்கள். குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் உள்ளே உறிஞ்சிய மஞ்சள்கருவே போதும், தாய்க்குத்தான் உடனே தீனி வேண்டும். ஆனால் அது தான் தின்னாது, "கொக் கொக்" என்று கூப்பிட்டுக் குஞ்சுக்குக் கொத்திக் கொத்திப் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் குஞ்சுக்கு நொய்யையோ குஞ்சுத் தீவனத்தையோ பரப்பிவிட்டு, குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தாய்க்கு ஒரு கிண்ணம் கம்பு வையுங்கள். குஞ்சுத் தீவனத்தைத் தாய் தின்றால் நல்லதுதான், புரதம் அதிகம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு தின்றால்தான் சுண்ணாம்பு கூடிச் சிறுநீரகம் கெடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு விழுந்தால் நனைந்து செத்துவிடும்.

இறங்கிய அன்று ராத்திரியே தாயின் சிறகடியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தாயிடம் உள்ள பேன் முதலில் ஏறுவது குஞ்சின் தலைக்குத்தான். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயே குஞ்சைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதற்குள் கொண்டை மறுபடி சிவந்து, வயிற்றில் இறகு மூடி, நெஞ்செலும்பில் சதை ஏறியிருக்கணும். ஏறவில்லையென்றால் அடுத்த அடைக்கு அந்தக் கோழியை விடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடணும்?

இறக்கிவிட்டும் இரண்டு நாளாகத் தண்ணீர்கூடத் தொடவில்லை, காலை ஊன்றி நிற்க முடியவில்லை, கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறது, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, மூச்சில் கரகரப்புச் சத்தம், எச்சத்தில் ரத்தம். இதில் எது ஒன்று இருந்தாலும் அன்றே. முட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை வேறொரு அடைக்கோழிக்கு மாற்றலாம், முடியாவிட்டால் போகட்டும். கோழியைத் தனியாகப் பிரித்துவைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று: அடைக்கு வந்துகொண்டே இருக்கிறது, பேசாமல் குழம்பு வைத்துவிடலாமா?

வைக்கலாம், யார் தடுத்தது. ஆனால் அடையில் இருந்து எழுந்த கோழியில் எலும்பைத் தவிர ஒன்றும் இருக்காது, பேன் மருந்து போட்டிருந்தால் கறி தின்னும் முன் காத்திருக்கச் சொன்ன நாள் கணக்கும் முடிந்திருக்கணும். இரண்டு மாதம் தீனி போட்டுத் தேற்றிவிட்டு யோசியுங்கள். அதற்குள் அது மறுபடி முட்டைக்கு வந்திருக்கும், உங்களுக்கும் மனசு வராது.